கால் ஒன்று சொல்ல, மிஷின் ஒன்று சொல்ல

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ஊர் வாயில் அவள் பிரேக் அக்கா.

டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் கத்துவார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பார்கள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். குறுக்கே நாய் வந்தால் கார் தானாக நிற்கும். நிறுத்தியது தான்தான் என்று கற்பவர் நினைத்துக்கொள்வார். "நல்லா நிறுத்தினீங்க" என்று அக்காவும் ஒரு பொய் சொல்லி வைப்பாள். தைரியம் வந்தால்தான் கை நடுங்காது, கை நடுங்காவிட்டால்தான் வண்டி நேராகப் போகும் என்பது அவள் கணக்கு. ஐம்பதைத் தாண்டிய வயது, கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, எதற்கும் அலட்டிக்கொள்ளாத முகம். அந்த முகத்துக்காகவே அவளிடம் கற்க ஆள் காத்துக்கிடந்தது.

அப்படிக் காத்திருந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க். வேலையில் இருந்தவரை பஸ்ஸில் போய் வந்தவருக்கு, ஓய்வு கிடைத்ததும் கார் ஆசை வந்துவிட்டது. கியர் மாற்றும் முன் கியரிடம் அனுமதி கேட்பவர்போல அதை ஒருமுறை குனிந்து பார்ப்பார்.

ஒரு நாள் காலை, சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் ஒரு தண்ணீர் வண்டி ஓரமாக நின்றிருந்தது. அவர் கியரைப் பார்க்கக் குனிந்தார். அக்கா பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தாள். அப்போதும் நிற்கவில்லை. மெதுவாகப் போய்த் தண்ணீர் வண்டியின் முதுகில் முட்டி, இன்ஜின் அணைந்து நின்றது.

யாருக்கும் அடிபடவில்லை. முன் விளக்கு மட்டும் உடைந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். பிரேக்குக்கு ஒரு சாண் தள்ளி, ரப்பர் விரிப்பை அவளுடைய வலது கால் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"தப்பு என்னுது மேடம். பாக்காம விட்டுட்டேன்" என்றார் ஹெட்கிளார்க், வேர்த்து வழிந்தபடி.

"இல்ல சார். உங்க தப்பு இல்ல. என் காலு" என்றாள் அக்கா. பிரேக்கைத்தான் மிதித்தேன் என்று யார் கேட்டாலும் சத்தியம் செய்திருப்பாள்.

அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோது ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. கொஞ்ச நாளாகவே பாதத்தில் பஞ்சு கட்டினாற்போல இருந்தது. ஒருமுறை கடைத்தெருவில் ஒற்றைச் செருப்போடு நடந்துபோய், யாரோ கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மாடி வீட்டுக்கு ஏற இப்போதெல்லாம் கைப்பிடி வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் வயசுமேல் பழியைப் போட்டிருந்தாள்.

அவள் கணவர் கண்ணாடி வெட்டுபவர். ஜன்னலுக்கும் மேசைக்கும் அளந்து வெட்டிக்கொடுக்கும் கடை, வீட்டுக்குக் கீழேயே இருந்தது. "காலைக் காட்டு" என்றவர், சட்டைப்பையில் இருந்த பென்சிலால் பாதத்தைக் குத்தினார்.

"தெரியுதா?"

"எப்போ குத்தினீங்க?"

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரைத் தேடிக் கிளம்பினார்.

ஒரு டாக்டர் இன்னொருவரிடம் அனுப்ப, கடைசியில் நரம்பு டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள். அவர் சின்னச் சுத்தியால் முட்டியைத் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார்.

டெஸ்ட் எடுக்கும் அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒயர்கள் தொங்கும் ஒரு பெட்டி. கனத்த கண்ணாடி போட்ட ஒரு பெண், அக்காவின் காலில் வட்ட வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டினாள்.

"கொஞ்சம் சுள்ளுனு இருக்கும்மா. பயப்படாதீங்க."

"கரண்டா?"

"கரண்டுதான். ஆனா ரொம்பக் கொஞ்சம்."

கணுக்காலில் எதையோ வைத்து அழுத்தினாள். சுள்ளென்றது. அக்காவின் கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஒரு துள்ளுத் துள்ளியது.

"நான் ஆட்டலியே" என்றாள் அக்கா.

"நீங்க ஆட்டல. கரண்ட் ஆட்டுது. இங்க குடுக்கிற கரண்ட் அங்க போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகுது, எவ்ளோ பலமா போய்ச் சேருதுன்னு பாக்கறோம்."

திரையில் ஒரு கோடு மலைபோல எழும்பி இறங்கியது. அதே கரண்டை முட்டிக்குப் பின்னால் கொடுத்தபோது மலை குட்டிச்சுவராகிவிட்டது. அக்காவுக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஆனால் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டதை மட்டும் கவனித்தாள். பிறகு டாக்டரம்மா வந்து மெல்லிய ஊசி ஒன்றைக் கெண்டைக்காலில் செருகினார். சரளைக்கல் ரோட்டில் சைக்கிள் போவதுபோலப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "இது என்ன சத்தம்?" "உங்க தசையோட சத்தம்." இத்தனை வருஷமாக இது உள்ளே இப்படியா இரைந்துகொண்டிருந்தது என்று அக்கா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "ஒயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்கும் பாருங்க, அதுபோல நரம்பு மேலயும் ஒரு உறை இருக்கு. உங்க உடம்பே அதை எதிரின்னு நெனச்சு அரிக்குது. அதனால சேதி மெதுவாப் போகுது. சில எடத்துல நடுவழியிலயே நின்னு போயிடுது."

"என் உடம்புக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"நீங்க எதுவும் பண்ணல. ஏன் வருதுன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாது. ஒரேயடியாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். கூடவே இருக்கும். ஆனா கட்டுல வெச்சிக்கலாம். மாசாமாசம் ஒரு மருந்து ஏத்துவோம். அப்பப்போ இந்த டெஸ்டை எடுத்து, நரம்பு எப்படி இருக்குன்னு பாத்துப்போம்."

"அதுவரைக்கும் நான் வண்டியில உக்காரலாமா?"

"வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்."

டிரைவிங் ஸ்கூல் முதலாளி நல்ல மனிதர். அக்காவை ஆபீஸில் உட்கார வைத்து, சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். சுவரில் சிவப்பு முக்கோணம், நீல வட்டம். எதிரே பெஞ்சில் கொட்டாவி விடும் புது ஆட்கள். வெளியே இன்னொரு ஆசிரியரின் கத்தல் கேட்கும்போதெல்லாம் அக்காவின் கால் மேசைக்குக் கீழே தரையை அழுத்தும். அழுத்தியதா இல்லையா என்று குனிந்து பார்த்துக்கொள்வாள்.

மருந்து கைமேல் பலன் கொடுத்தது. இரண்டாவது முறை ஏற்றிய பிறகு ஒரு நாள் அக்கா கைப்பிடியைத் தொடாமலே மாடி ஏறிவிட்டாள். ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் அவளுக்கே உறைத்தது. மறுபடி இறங்கி ஏறிப் பார்த்தாள். கடைக்குப் பின்னால் கீழ்வீட்டில் இருந்த நாத்தனார், "என்ன அண்ணி, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"தொலைச்சது கிடைச்சிடுச்சு" என்றாள் அக்கா.

இந்தச் சந்தோஷத்தோடு அடுத்த டெஸ்டுக்குப் போனாள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார், பழைய காகிதத்தைப் பார்த்தார். "முன்ன இருந்தமாதிரியேதான் இருக்கு. வேகம் கூடல. ஒரு எடத்துல கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

"ஆனா நான் மாடி ஏறுறேனே. கைப்பிடி இல்லாம."

"அதுதான் ரொம்ப முக்கியம். நல்ல விஷயம்" என்று டாக்டரம்மா சிரித்தார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மிஷின் மோசம் என்கிறது, டாக்டர் நல்லது என்கிறார். "அப்போ இதை எதுக்கு எடுக்கறோம்?" என்று கேட்டேவிட்டாள்.

"நரம்போட உறை முழுசாச் சரியாகறதுக்கு ரொம்ப நாளாகும். அதுக்குள்ள அடைஞ்சிருந்த எடம் தொறந்துக்கிட்டாலே பலம் வந்துடும். ரெண்டும் ஒரே நேரத்துல வரணும்னு இல்ல."

அக்கா தலையாட்டினாள். அறையை விட்டு வெளியே வரும்வரை புரிந்தாற்போல இருந்தது. வாசல்படி தாண்டியதும் எல்லாம் கலைந்துவிட்டது.

கணவருக்கு இந்தக் கதையெல்லாம் ஏறவில்லை. வாழ்நாள் முழுவதும் அளவு நாடாவோடு வாழ்ந்தவர். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "அளவுன்னா அளவுதான். உனக்கு நல்லா இருக்கிற மாதிரி தோணுது, அவ்ளோதான்" என்றார். அன்று முதல் அவள் மாடியேறும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை.

"விடுங்க. நான் என்ன கண்ணாடியா?"

"கண்ணாடியா இருந்தா எனக்கு எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார் அவர். பிடித்த கையை விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கதை தலைகீழானது. மரத்துக் கிடந்த பாதம் எரிய ஆரம்பித்தது. சூடான மணலில் நிற்பதுபோல ஓயாத எரிச்சல். போர்வை பட்டால்கூடச் சுள்ளென்றது. அக்கா சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்து, குளிர்ந்த தரையில் பாதத்தை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நோய் முற்றிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். அடுத்த டெஸ்டுக்கு அந்த நினைப்போடுதான் போனாள்.

"ரொம்ப நல்லா முன்னேறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "வேகமும் கூடியிருக்கு, அடைப்பும் விட்டிருக்கு."

கணவரின் முகம் மலர்ந்தது. அக்கா அழுதுவிட்டாள். சந்தோஷக் கண்ணீர் என்று அவர் தோளைத் தட்டினார். வீடு திரும்பியதும் தங்கையிடம் சொன்னார், கடைக்கு வந்தவர்களிடம் சொன்னார். நாத்தனார் மாடியேறி வந்து, "மிஷினே சொல்லிடுச்சாமே அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தரையிலிருந்து பாதத்தை எடுத்து, புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். இத்தனை பேர் சந்தோஷப்படும்போது எரிகிறது என்று எப்படிச் சொல்வது? எரிவதே பிரமையோ? நன்றாக இருந்தபோது இல்லை என்று சொன்ன மிஷின், மோசமாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது என்கிறது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது அவளுக்கு. சில நேரம், அந்தத் திரையில் தெரிவது வேறு யாருடைய காலோ என்றுகூடத் தோன்றியது.

அடுத்த முறை மருந்து ஏற்றப் போனபோது டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மிஷின் நல்லா இருக்குங்குது. எனக்கு எரியுதும்மா. எனக்குப் பைத்தியம் கியித்தியம்..."

"அப்படியெல்லாம் இல்ல. இதை நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கணும். நானும் கேட்டிருக்கணும்" என்றார் அவர். "இந்த மிஷினுக்குப் பெரிய நரம்பு மட்டும்தான் தெரியும். எரிச்சல், சூடு, வலியெல்லாம் கொண்டுபோற சின்ன நரம்புங்க அதுக்குக் கண்ணுலயே படாது. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்." எரிச்சலுக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு மூன்று வாரத்தில் எரிச்சல் அடங்கியது. அக்காவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பெரிய நரம்பு, சின்ன நரம்பு என்று ஒரு மாதிரி மனதில் பதிய வைத்துக்கொண்டாள். இனி குழம்ப மாட்டேன் என்றும் நினைத்தாள்.

நான்காவது டெஸ்ட் மழைக்காலத்தில் வந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்து நடந்துபோய், ஏசி ஓடும் வராந்தாவில் வெகுநேரம் காத்திருந்தாள். கூட்டமான நாள். டெஸ்ட் எடுக்கும் பெண், "கால் சில்லுனு இருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டே ஸ்டிக்கர் ஒட்டினாள். டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு டாக்டர் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லா எடத்துலயும் வேகம் கொறஞ்சிருக்கு. மருந்து கேட்கலைன்னு தோணுது. வேற பலமான மருந்துக்கு மாத்த வேண்டியிருக்கும். அதுல பக்கவிளைவு அதிகம். உங்க டாக்டர் வந்ததும் பேசி முடிவு பண்ணுங்க."

கணவர் ஆடிப்போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் கடையில் கண்ணாடி வெட்டவில்லை. வெட்டினால் கை தவறும் என்றார். அக்காவோ அதே படியில் கைப்பிடி இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தாள். முன்பென்றால், நன்றாக இருக்கிறது என்று வாதாடியிருப்பாள். இப்போது ஒவ்வொரு படியிலும் நின்று, இது நன்றாக இருப்பதா, இருப்பதாக நினைப்பதா என்று கேட்டுக்கொண்டாள். ஒரு நாள் நடுப்படியில் நின்றவள், ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா வந்ததும் காகிதத்தைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, கால் விரலை அசைத்து, மேலேயா கீழேயா என்று கேட்டார். குதிகாலில் நடக்கச் சொன்னார், கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். எல்லாம் முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது.

"டெஸ்ட் அன்னிக்கு மழையில நனைஞ்சீங்களா?"

"கால் மட்டும்."

"சில்லுனு இருந்துச்சா?"

"அந்தப் பொண்ணுகூடச் சொன்னாளே."

டாக்டரம்மா நெற்றியைத் தடவிக்கொண்டார். கால் குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பில்கூடச் சேதி மெதுவாகத்தான் போகுமாம். சூடேற்றிவிட்டுத்தான் எடுத்திருக்க வேண்டுமாம். அன்றே வெந்நீரில் காலை ஊற வைத்து, துடைத்து, மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். கண்ணாடி போட்ட பெண், "அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டேம்மா, மன்னிச்சிக்கோங்க" என்றாள். இந்த முறை வேகம் பழையபடியே வந்தது.

"மழைக்கு முந்தின டெஸ்டைவிட மோசமில்ல. இதைத்தான் இப்போ உறுதியாச் சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா. "மருந்தை மாத்த வேண்டாம்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கணவர் சொன்னார். "ஒருதடவை நாடா நுனி மடங்கியிருந்தது தெரியாம ஒரு கடை முழுக்கக் கண்ணாடியைக் குட்டையா வெட்டிட்டேன். தெரியுமா உனக்கு?"

"நீங்க சொன்னதே இல்லையே."

"எப்படிச் சொல்வேன்?" என்றார் அவர்.

ஆனால் அக்காவின் மனதில் கிடந்த கேள்வி வேறு. பிரேக்கை மிதிக்கலாமா? டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவர் இல்லை என்று தலையசைத்தார். "அதை இந்த மிஷின் சொல்லாது. நானும் இங்க உக்காந்துக்கிட்டுச் சொல்ல முடியாது. ஆள் இல்லாத எடத்துல, நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரை வெச்சுக்கிட்டு மெதுவாப் பாருங்க."

ஓட்டத் தெரிந்த ஆள் என்றதும் அக்காவுக்கு ஹெட்கிளார்க் நினைவு வந்தது. இன்னொரு ஆசிரியரிடம் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டார். சந்தோஷமாக வந்தார். பயிற்சி மைதானத்தில் ரப்பர் கூம்புகளுக்கு நடுவே காரை மெதுவாக ஓட்டினார்.

"உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ நிறுத்துன்னு சொல்லுங்க சார். உங்க பிரேக் மேலயும் கால் இருக்கட்டும்" என்றாள் அக்கா, தன் பக்கத்துப் பிரேக்குக்கு நேரே உட்கார்ந்து.

"நிறுத்து."

கார் நின்றது. மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் நின்றது. அக்காவின் முகத்தில் பழைய அலட்சியம் எட்டிப்பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவருடைய பேரன்களைப் பற்றிக் கேட்டாள். அவர் பேச்சுவாக்கில், "நிறுத்து" என்றார்.

கார் நின்றது. ஆனால் ஒரு கூம்பைச் சாய்த்துவிட்டு நின்றது. அக்கா குனிந்து பார்த்தாள். பாதம் பிரேக்கின் விளிம்பில் பாதியும் வெளியே பாதியுமாக இருந்தது.

"நின்னுடுச்சே மேடம். பரவால்ல" என்றார் ஹெட்கிளார்க்.

"நின்னுடுச்சு. நான் மிதிச்சு நின்னுச்சா, வழுக்கிப்போய்ப் பட்டு நின்னுச்சா? அதுதான் எனக்குத் தெரியல சார்."

இருவரும் அந்தச் சாய்ந்த கூம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் அக்கா முதலாளியிடம் போனாள். பிரேக்கோடு சேர்ந்து ஒரு இரும்புக் கம்பியை மேலே கொண்டுவந்து, கையால் அழுத்துகிற மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டாள். முதலாளி மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் தலையைச் சொறிந்து, எங்கெங்கோ விசாரித்து, கால் சரியில்லாதவர்களின் வண்டியில் அப்படி இருக்கிறது என்று தெரிந்து வந்து பொருத்திக்கொடுத்தார். சோதித்துப் பார்த்து அனுமதி கிடைக்கச் சில வாரம் ஆனது. கைக்கு அந்த வேலை புதிது. முதலில் எல்லாம் கார் குலுங்கி நின்றது. கற்க வந்தவர்களின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அக்கா மன்னிப்புக் கேட்டபடியே கற்றுக்கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை விட்டுவிட்டாள். நாய் குறுக்கே வரும் முன்பே கை கம்பிக்குப் போனது. மெதுவாகக் குலுக்கல் நின்றது.

அடுத்த டெஸ்டில் கைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. விரல் நுனி அவ்வப்போது மரத்துப்போவதாக அக்காதான் சொல்லியிருந்தாள். கம்பியை அழுத்தி அழுத்தி மரத்ததோ, நோய் அங்கும் வந்துவிட்டதோ, அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கண்ணாடி போட்ட பெண் கையையும் காலையும் வெந்நீர்ப் பையால் சூடாக்கிவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டினாள். சுண்டுவிரல் துள்ளியது. மலை எழும்பி இறங்கியது.

வெளியே பெஞ்சில் கணவர் எழுந்து நின்றார். "என்ன சொன்னாங்க?"

"கால் பரவால்லயாம். கையில லேசா இருக்காம். இப்போதைக்கு ஒண்ணும் மாத்த வேண்டாமாம்."

அவர் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். "நீ என்ன சொல்ற?"

அக்கா கையை விரித்து மடக்கிப் பார்த்தாள். என்ன சொல்வதென்று நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியலங்க" என்றாள். "பஸ் வேண்டாம். வீடு வரைக்கும் நடந்து பாப்போம்."

அவர் முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். பிறகு அதைத் தன் பைக்குள் விட்டுக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் நடந்தார்.